பின்சீட்டைத் தேடி சிங்கப்பெருமாள் கோவில் வரை

கிளம்பும்போது இருந்தவர்கள் மூன்று பேர்: எஸ்தர் அக்கா, டில்லி அண்ணன், நான். இல்லாதவர்களும் மூன்று: இங்கிலாந்தில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் டெரிக் சார், வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த என் அம்மா, அப்புறம் எங்கள் காரின் பின்சீட்டு. அந்தப் பின்சீட்டைத் தேடித்தான் இந்தப் பயணம்.

காரின் பெயர் ஆர்ட்லி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிற்றூரில் ஆரம்பித்து நாலே வருடத்தில் ஷட்டரை இழுத்துவிட்ட கம்பெனி. அவர்கள் செய்ததில் உலகத்தில் இன்று மிச்சம் இருப்பவற்றை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற மூன்றாவது தெருவில், முருங்கை மரத்தடி ஷெட்டில் நிற்கிறது. எஸ்தர் அக்காவின் தாத்தா டாக்டராக இருந்தபோது வாங்கியது. அக்கா பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். வாரநாட்களில் ஒரு பாடி ஷாப்பில் டிங்கரிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ட்லி. ஆறு வருடமாக அதற்கு நான்தான் டாக்டர், ஆயா எல்லாம்.

போன வருடம் பழைய கார்கள் அணிவகுப்புக்கு ஆர்ட்லியை ஓட்டிப் போனோம். வாசலிலேயே ஒரு நடுவர் குனிந்து, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பித்தளைத் தட்டை விரலால் தடவிப் பார்த்தார். கம்பெனி பொறித்த வண்டி எண் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. "நம்பர் இல்லாத வண்டி, பல வண்டியில இருந்து பொறுக்கிச் சேர்த்ததுதான்" என்று சத்தமாகவே சொல்லி, கண்ணாடியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினார். அதில் 'ரெப்ளிகா' என்று எழுதியிருந்தது; அசல் இல்லை, நகல் என்று அர்த்தம். அக்காவிடம் படித்த பிள்ளைகள் நாற்பது பேர் பார்க்க வந்திருந்தார்கள். அக்கா வண்டியைத் திருப்பினார். அந்த ஸ்டிக்கரைக் கிழிக்கவும் இல்லை. "அசல்னு ஒரு பேப்பர் வரட்டும் குமார், அன்னிக்கு நானே எடுக்கிறேன்" என்றார். அதற்கப்புறம் ஆர்ட்லி தெருமுனையைத் தாண்டவில்லை.

அந்தப் பேப்பரைக் கொடுக்கக்கூடியவர் உலகத்திலேயே டெரிக் சார் ஒருவர்தான். ஆர்ட்லி வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு அவர்தான் பதிவேடு எழுதுபவர். கம்பெனியின் பழைய லெட்ஜர் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னவர் இடுப்பை உடைத்துக்கொண்டார். இந்த வருட அணிவகுப்புக்குப் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். அதனால் ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு வீடியோ காலில் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

இப்போது அந்தத் தட்டு எப்படி மொழுக்கையானது என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்கே சரிப்படாது.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, தட்டை வீட்டுக்கு எடுத்துப் போவேன். அம்மா குத்துவிளக்கோடு அதையும் சேர்த்து, புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துத் தருவாள். தங்கம் மாதிரி மின்னும். "பேரு எழுதின தட்ட அழுக்கா வச்சா பேருக்கு மரியாதையாடா?" என்பாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தட்டில் இருந்த எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி ஒரு வேலைப்பாடு. ஆறு வருடத்தில் அந்தக் கோலம் மங்கிக்கொண்டே வந்தது அவள் கண்ணில் படாதது ஆச்சரியமில்லை. வீட்டில் படித்தவன் நான்தான். பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, எண்ணைப் பார்க்காமல் விட்டவனும் நான்தான்.

அணிவகுப்பிலிருந்து திரும்பி வந்து விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் புளிக்குழம்பு கிடையாது. ரசத்துக்கும் எலுமிச்சம்பழம்தான்.

ஆர்ட்லி கம்பெனி கஞ்சத்தனமான கம்பெனி. மற்றவர்கள் மாதிரி சேஸிஸில் எண்ணைக் குத்தவில்லை. எஞ்சினையும் வேறு யாரிடமோ வாங்கிப் பொருத்தினார்கள். வண்டி எண் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று பித்தளைத் தட்டு. இன்னொன்று, டெரிக் சார் போன மாதம் எழுதிய கடிதத்தில்தான் தெரிந்தது: பின்சீட்டின் அடிப்பலகையில், தச்சர் கையால்.

எங்கள் வண்டியில் பின்சீட்டே இல்லை. அக்காவின் சித்தப்பா வீடு கட்டும்போது சிமெண்ட் மூட்டை ஏற்ற இடம் வேண்டும் என்று கழற்றி, இரும்புலியூரில் ஒரு சலூனுக்குக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு அப்போது பத்து வயது.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் டில்லி அண்ணன் ஆட்டோவில் கிளம்பினோம். டில்லி அண்ணன் அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. தாம்பரத்திலிருந்து தெற்கே போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் அவருக்குத் தெரியாத கடை இல்லை என்பது அவர் சொல்வது. அதில் பாதியாவது நிஜம் என்பது நான் பார்த்தது.

தாம்பரம் சானடோரியம் பக்கம் போகாமல் குறுக்குச் சந்துகளில் புகுந்து, மேம்பாலம் ஏறி, இரும்புலியூர் போய்ச் சேர முக்கால் மணி நேரம். நடந்தால் அதைவிடச் சீக்கிரம் போயிருக்கலாம் என்று அக்கா சொன்னார்.

"நடந்தா கால் வலிக்கும் டீச்சரக்கா. இதுல வாய் மட்டும்தான் வலிக்கும்" என்றார் டில்லி அண்ணன். வழி முழுக்கப் பேசியது அவர்தான்.

சலூன்காரர் செல்வம் ஒருவருக்கு ஷேவிங் நுரை போட்டுக்கொண்டிருந்தார். சீட்டைப் பற்றிக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த சீட்டா? எங்கப்பா காலத்துல வந்தது சார். அதால வியாபாரமே பேஜாரு. வந்து குந்துறவன் அப்படியே தூங்கிடுவான். எழுப்புனா, நாளிக்கி வெட்டிக்கிறேன்னு பூடுவான். ஒரு தபா ஒரு ஆளு மாட்னி படம் மாதிரி மூணு மணி நேரம் தூங்குனான். எங்கப்பா கடுப்பாயி ஊரப்பாக்கத்துல மாமா பஞ்சர் கடைக்குக் குடுத்துட்டாரு."

"எந்த எடத்துல அண்ணா கடை?"

"சொல்றேன். மொதல்ல குந்து. முடி இன்னா இப்டி வளத்துகினு கீற?"

விசாரிக்க வந்தவன் முடி வெட்டிக்கொண்டேன். டில்லி அண்ணன் தாடியை ஒதுக்கிக்கொண்டார். அக்கா வெளியே நின்று பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். கிராப் நன்றாகவே வந்திருந்தது. எங்கள் தெரு சலூனில் காதுக்கு மேலே படி படியாக விட்டுவிடுவார்கள்.

*

சனிக்கிழமை மூன்று பேருக்கும் பஸ். கிளாம்பாக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, ஊரப்பாக்கத்தில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். கிளாம்பாக்கத்தில் எல்லாரும் இறங்கியபோது, "நீங்க வேற பஸ்ஸுல ஏறியிருக்கணும் சார், இது இதுக்கு மேல போவாது" என்றார். அந்தப் பேருந்து நிலையத்தின் உள்ளிருந்து வெளியே வருவதே தனிப் பயணம். எங்கள் தாம்பரத்தில் பஸ்ஸிலிருந்து குதித்தால் டீக்கடை. இங்கே இறங்கி, நடந்து, திரும்பி, மறுபடி நடந்து ரோட்டைப் பார்த்தபோது அக்கா, "இது ஏர்போர்ட் குமார். பிளேன் மட்டும்தான் இல்ல" என்றார்.

ஊரப்பாக்கம் பஞ்சர் கடைக்காரர் பெயர் வேலாயுதம். லாரி டயருக்குள் தலையை விட்டபடியே பேசினார்.

"ரோடு அகலம் பண்ணாங்கல்ல, கடையைப் பின்னால தள்ளச் சொன்னாங்க. சீட்ட வைக்க எடமில்ல. சிங்கப்பெருமாள் கோவில்ல மல்லிகான்னு ஒரு அம்மா, ஒரகடம் ரோட்டுல டிபன் கடை. கம்பெனி பசங்க நின்னுகிட்டே சாப்புடுதுங்கன்னு வருத்தப்பட்டுச்சு. தூக்கிட்டுப் போங்கன்னுட்டேன்."

தலையை வெளியே எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு போனில் ஒரு போட்டோ காட்டினார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகள் சீட்டில் உட்கார்ந்து நுங்கு சாப்பிடுகிறார்கள். மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் பழைய பச்சைத் தோல் கொஞ்சம் தெரிகிறது. அக்கா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அந்த ஓரத்துல ஒரு தையல் பிரிஞ்சிருக்கு பாரு. நான் பிரிச்சது. தாத்தா அடிச்சாரு."

வேலாயுதம் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தோம். மல்லிகா அக்கா, "தாராளமா வாங்க, சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். சீட்டைக் கொடுப்பாரா என்று கேட்டதற்கு, "அத நேர்ல பேசிக்கலாம்" என்றார். அந்தப் பதிலின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஊரப்பாக்கத்தில் குடித்த டீ பிடித்தது. இஞ்சி தட்டிப் போட்டு, கண்ணாடி டம்ளரில் கொடுத்தார்கள். கேம்ப் ரோட்டில் இப்போது எல்லாம் பேப்பர் கப்தான். டீ பாதி, கப் வாசனை பாதி.

டீ குடிக்கும்போதுதான் அக்கா அந்தப் பேச்சை எடுத்தார்.

"குமார், நாளைக்கு டெரிக் தட்டைப் பத்திக் கேட்பார். காலப்போக்குல தேஞ்சிடுச்சுன்னு சொல்லிடு. உன் பேரோ அம்மா பேரோ வேணாம்."

"பொய்யாச்சேக்கா."

"ஆறு வருஷம் காலம் இல்லையா? பிசிக்ஸ்படி கரெக்ட்தான்."

டில்லி அண்ணன் பன்னைத் தோய்த்தபடி, "டீச்சரே பிட்டு குடுக்குது. வாங்கி எழுதிக்கடா" என்றார்.

டெரிக் சாரின் கடிதத்தில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். நாங்கள் அனுப்பிய தட்டின் போட்டோவைப் பார்த்து அவர் எழுதியது, நான் அகராதி வைத்துப் படித்தது: 'தட்டில் யாரோ வேண்டுமென்றே எண்ணை அழித்திருக்கிறார்கள் என்று அஞ்சுகிறேன், அது உண்மையானால், வேறு எந்தச் சான்று இருந்தாலும் என்னால் பதிய முடியாது.'

*

ஞாயிற்றுக்கிழமை ஆர்ட்லியையே எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. சீட்டு கிடைத்தாலும், அது இந்த வண்டியில் உட்காருகிறதா, ஸ்க்ரூ ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று டெரிக் சார் கண்ணால் பார்க்க வேண்டும். மல்லிகா அக்கா சீட்டைக் கொடுக்காவிட்டாலும் அங்கேயே வைத்துக் காட்டிவிடலாம்.

காலை எட்டு மணிக்கு அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். பின்னால் சீட்டு இல்லாத இடத்தில் கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடைமேல் டில்லி அண்ணன், மடியில் இரண்டு தண்ணீர் கேன். அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். "நீயும் வாம்மா" என்றதற்கு, "நான் வந்து இன்னாத்த கெடுக்கணும்?" என்று உள்ளே போய்விட்டாள்.

ஒரு வருடம் கழித்து ஆர்ட்லி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தது. முப்பதுக்கு மேல் அக்கா போகவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் ஜன்னல் வழியாகப் போன் நீட்டினார்கள். பெருங்களத்தூரில் பைக்கில் போன ஒருவர் பக்கத்திலேயே வந்து, கண்ணாடியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "சூப்பர் கா! ரெப்ளிகான்றது இன்னா, ஃபாரின் கம்பெனியா?" என்று கேட்டார்.

"ஆமா, இத்தாலி!" என்று பின்னாலிருந்து கத்தினார் டில்லி அண்ணன். அக்கா அந்த ஒரு வருடத்தில் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

வண்டலூர் சிக்னலில் நிற்கும்போது, கிளம்பிவிட்டோம் என்று சொல்ல மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வாங்க வாங்க. வீடியோல வெள்ளக்காரரு வேற பாக்கப் போறாருன்னீங்களே, சீட்டு ஒரே எண்ணெய்ப் பிசுக்கா கெடக்கு. சோப் ஆயில் ஊத்தி ஊற வச்சிருக்கேன். மேல தேய்ச்சாச்சு. இனிமே திருப்பிப் போட்டு அடிப்பக்கம் கம்பி பிரஷ்ஷால..."

"அக்கா வேணாம்! அடிப்பக்கம் தொடாதீங்க!"

போன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஈரக் கையோடு யார் போனை எடுப்பார்கள்? பன்னிரண்டு முறை போட்டேன். எனக்குக் கண்ணெதிரே அம்மாவின் கை தெரிந்தது, செங்கல்பொடியும் நாருமாக. யார் மேலும் கோபப்பட முடியாத வேலை அது. பிரியமாகத்தான் செய்கிறார்கள்.

"அக்கா, கொஞ்சம் வேகமா."

அக்கா நாற்பதைத் தொட்டார். கூடுவாஞ்சேரி தாண்டும்போது பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் ஹோஸ் பிளந்துவிட்டது. ஓரம் கட்டினோம். டில்லி அண்ணன் இறங்கி, ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவரை மாமன் மச்சான் முறையில் போனில் பிடித்தார்.

"நீ போடா குமாரு! நாங்க ஹோஸ மாத்திகினு வர்றோம். சீட்ட காப்பாத்து!"

ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ நிறையும்வரை நகராது என்பது அந்த ஓட்டுநரின் கொள்கை. இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றார். "அந்த ரெண்டு பேர் காசையும் நானே தர்றேன்" என்றேன். அப்படியும் பொத்தேரியில் நிறுத்தி இரண்டு பேரை ஏற்றிக்கொண்டார். மறைமலை நகரில் இறங்கி பஸ் பிடித்து, சிங்கப்பெருமாள் கோவில் நிறுத்தத்தில் குதித்து, ஒரகடம் ரோட்டில் ஓடினேன். காலேஜில் ஓட்டப் பந்தயத்தில் ஓடியதுகூட இல்லை.

தொழிற்சாலைச் சுவருக்கு எதிரே தகரக் கூரை, அடுப்புப் புகை, 'மல்லிகா டிபன்' என்று சுவரில் பெயிண்ட் எழுத்து. வாசலில் வெயிலில் சீட்டு செங்குத்தாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் சொட்டுகிறது. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷை வாளியில் முக்கிக்கொண்டிருக்கிறார் மல்லிகா அக்கா.

"அக்கா, தொடாதீங்க!"

அவர் பயந்துபோய்ப் பிரஷ்ஷை வாளியிலேயே போட்டுவிட்டார். மூச்சு வாங்க நான் சொன்னது அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் சீட்டின் அடியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எலி ஏறாமல் இருக்க, சலூன்காரரோ பஞ்சர் கடைக்காரரோ, அடிப்பலகை முழுக்கச் சாக்கை இழுத்து ஆணி அடித்திருந்தார்கள். பிரஷ் இன்னும் அதைத் தாண்டவில்லை.

"அழுக்கா இருந்தாதான் நல்லதா?" என்றார் மல்லிகா அக்கா. "நல்ல கதையா இருக்கே. அப்ப எங்கூட்டு சமையக்கட்ட வந்து பாருங்க, ரொம்ப நல்லாருக்கும்."

ஆர்ட்லி வரும்வரை இட்லி சாப்பிட்டேன். கெட்டிச் சட்னியும் வடகறியும். எங்கள் பக்கத்து வடகறியில் பட்டை வாசனை தூக்கும்; இங்கே சோம்பு. அடுத்த ஷிஃப்டுக்குப் போகிற ஒடிசா பையன்கள் இருவர் தட்டோடு நின்றபடி சீட்டையே பார்த்தார்கள். பாடி ஷாப்பில் ஒடிசாக்காரர்களோடு பழகியதில் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குப் புரிந்தது.

"எடுத்துக்கொண்டு போகப் போகிறார்களாம்."

"பத்து நிமிடம் அதில் முதுகைச் சாய்த்தால்தான் எனக்கு எட்டு மணி நேரம் நிற்க முடிகிறது. இனி இந்தத் தரையில் உட்காருவதா?"

மல்லிகா அக்காவின் நிபந்தனையும் அதுதான். "காசு வேணாம். பசங்க நாலு பேரு சாய்ஞ்சு உக்கார்ற மாதிரி ஒண்ணு கொண்டாந்து போடுங்க. அப்புறம் இத எடுங்க. அதுவரைக்கும் இது இங்கதான்."

நியாயம். நான் ஒப்புக்கொண்டேன். வந்ததும் எஸ்தர் அக்காவும் ஒப்புக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்குப் புது ஹோஸோடு ஆர்ட்லி வந்தது. டில்லி அண்ணனின் சட்டை முழுக்க கிரீஸ். பன்னிரண்டுக்கு டெரிக் சார் திரையில் வந்தார். தலையணைகளுக்கு நடுவே வெள்ளைத் தாடி. பக்கத்தில் தடித்த லெட்ஜர்.

சாக்கின் ஆணிகளை ஒவ்வொன்றாக, குறடால், பலகையில் கீறல் படாமல் எடுத்தேன். உள்ளே தூசி, எலிப் புழுக்கை, பழைய தேங்காய் நார். மல்லிகா அக்கா பழக்கத்தில் முந்தானையால் துடைக்கக் கையைக் கொண்டுவந்தார். "அக்கா!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். கையை இழுத்துக்கொண்டு, "மனுசி கை சும்மா இருக்குமா?" என்றார்.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார் டெரிக் சார். நேராக அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. சாய்த்ததும் தூசிக்கு அடியில் சிவப்புப் பென்சில் கோடு எழும்பி வந்தது. நாற்பத்தொன்று. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு எழுத்து.

டெரிக் சார் லெட்ஜரைப் புரட்டினார். அந்தப் பக்கம் கடிகாரம் டிக் டிக் என்பது எங்களுக்குக் கேட்டது. "நாற்பத்தொன்று," என்று படித்தார். "பச்சைத் தோல். மதராஸ் துறைமுகத்துக்கு. தச்சரின் குறி சரியாக இருக்கிறது."

சீட்டை நாலு பேரும் தூக்கி ஆர்ட்லிக்குள் இறக்கினோம். டக்கென்று உட்கார்ந்தது. ஆறு ஸ்க்ரூ ஓட்டையும் ஆறு ஓட்டைமேல். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்போது தட்டு," என்றார் டெரிக் சார். குரல் மாறியிருந்தது. "அதை யார் அரத்தால் ராவியது? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்."

அக்கா என்னைப் பார்த்தார். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து 'காலப்போக்கு' என்றார்.

நான் நோட்டில் எழுதி வைத்திருந்த ஆங்கில வாக்கியங்களை விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தெரிந்த வரிசையில் சொன்னேன். யாரும் ராவவில்லை. நான்தான் கழற்றிக் கொடுத்தேன். என் அம்மா புளி போட்டுத் தேய்த்தாள். வருடத்துக்கு ஒரு முறை, கருவிகளுக்கு நாங்கள் பூஜை செய்யும் நாளுக்காக. ஆறு வருடம்.

"புளி?" என்றார். "சாஸில் போடுவார்களே, அதுவா?" அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

பக்கத்தில் இருந்த மல்லிகா அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த முகம் தெரிந்தது. உள்ளே போய், கறுத்துப்போன ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு உருண்டை புளி, அடுப்புக் கல்லிலிருந்து சுரண்டிய பொடி எல்லாம் கொண்டுவந்து போன் முன்னால் உட்கார்ந்தார். "பாருங்கய்யா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தேய்த்தார். இரண்டு நிமிடத்தில் சொம்பின் ஒரு பக்கம் பொன்னாகிவிட்டது. கையில் வழிந்த கறுப்பு நீரையும் காட்டினார். சொம்பில் குத்தியிருந்த அவருடைய மாமியார் பெயரில் பாதி எழுத்து ஏற்கெனவே காணோம்.

டெரிக் சார் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஆர்ட்லியின் தட்டைக் கிட்டத்தில் காட்டச் சொன்னார். நிதானமாகப் பார்த்தார்.

"கம்பெனியின் பெயரும் அழிந்திருக்கிறதே," என்றார். "ஓரத்துப் பூவேலையும். நான் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திருடன் எண்ணை மட்டும்தான் அழிப்பான். இத்தனை அக்கறையாக எல்லாவற்றையும் அழிக்க அவனுக்குப் பொறுமை ஏது?" பிறகு பேனாவைத் திறந்தார். "உன் தாயாரின் பெயர் என்ன? ஒவ்வொரு பாகத்துக்கும் யார் என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்."

சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

டில்லி அண்ணன் என் காதருகே, "பிட்ட தூக்கிப் போட்டுட்டு சொந்தமா எழுதிட்ட. பாஸா?" என்றார்.

"பாஸ்" என்றார் எஸ்தர் அக்கா.

ஸ்டிக்கரைச் சுரண்ட நான் தின்னர் தேடிப் போனேன். "ஒண்ணும் போடாத. உன் கையால எதையும் தேய்க்கவே கூடாது" என்று சொல்லிவிட்டு, அக்கா நகத்தாலேயே ஓரத்தைக் கிளப்பினார். ஒரு வருட வெயிலில் காய்ந்தது. அரை மணி நேரம் ஆனது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

மதியம் மறைமலை நகரில் முதுகு சாயும் ஸ்டீல் பெஞ்சு ஒன்று வாங்கி, டில்லி அண்ணன் பேரம் பேசிய 'குட்டி யானை' லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டோம். ஒடிசா பையன்கள் முதல் ஆளாக உட்கார்ந்து பார்த்தார்கள். "இரும்பு" என்றான் ஒருவன் முகத்தைச் சுளித்து. மல்லிகா அக்கா அந்த நீலத் தார்ப்பாயை நாலாக மடித்து மேலே போட்டார். அப்புறம் சரி என்றார்கள்.

நாலரை மணிக்குக் கோயில் நடை திறந்தது. குடைவரை நரசிம்மர், சுற்றி வர வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். சுற்றினோம். வெளியே வந்தால் புளியோதரை. அக்கா தொன்னையை வாங்கி முதல் வாய் சாப்பிட்டு, "எங்க சர்ச்ல எதுவும் இந்த டேஸ்ட்ல தர்றதில்ல" என்றார். நான் ஒரு பொட்டலம் தனியாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது டில்லி அண்ணன் கூடையில் உட்காரவில்லை. பச்சைத் தோலில் கால்மேல் கால் போட்டு வந்தவர், வண்டலூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். சலூன்காரர் செல்வம் சொன்னது உண்மைதான்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றாள். பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரிப்பதற்கு முன்பே வாசனை தெரிந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"சாப்புடும்மா. பிரசாதம்."

போனில் டெரிக் சார் அனுப்பிய படத்தைக் காட்டினேன். பதிவேட்டின் புதுப் பக்கம். மேலே 'நாற்பத்தொன்று, அசல்'. நடுவில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். "இது உன் பேரு. சரோஜா."

"என் பேரா? திட்டி எழுதிக்கீறாரா?"

"'தட்டு ஆண்டுதோறும் புளியால் துலக்கப்பட்டது, துலக்கியவர் சரோஜா, இரண்டாம் பராமரிப்பாளரின் தாயார்'னு எழுதியிருக்காரு. மொத ஆளு டீச்சரக்கா, ரெண்டாவது நான்."

"தேச்சதுக்கா?"

"தேச்சதுக்குத்தான்."

அம்மா போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். திரையில் இருந்த என் விரல் அடையாளத்தை முந்தானையால் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டாள். அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றாள். இரண்டாவது கவளத்துக்கு அப்புறம் கேட்டாள்:

"மொத்தம் எவ்ளோடா ஆச்சு, அந்த டீச்சருக்கும் உனக்கும்?"

செல்வம் சலூனில் வெட்டிய முடியிலிருந்து பெட்ரோல், ஹோஸ், பெஞ்சு, டெரிக் சாரின் சங்கக் கட்டணம் வரை அக்காவும் நானும் பாதிப் பாதியாகப் போட்டது, அவள் கையில் இருந்த புளியோதரையின் ஐம்பது ரூபாயையும் சேர்த்து, பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய்.